பந்தியில் உட்கார்ந்தவர் பரிமாற எழும்பும்போது

திடப்படுத்தல் வகுப்பில் சங்கீதம் 103 படித்துக்கொண்டிருந்தோம். "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல, கர்த்தர் தமக்குப் பயந்தவர்களுக்கு இரங்குகிறார்" என்ற வசனத்தை ஒரு பையன் சத்தமாக வாசித்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறவன். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அண்ணே, அவர்தான் எப்படியும் மன்னிச்சிருவார்ல? அப்புறம் நாம எதுக்கு வளரணும்?"

சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பெரியவர்கள் பலர் கேட்க வெட்கப்பட்டு உள்ளே வைத்திருக்கிற கேள்வி அது. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அவனுக்கும், விசுவாசத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற மற்றவர்களுக்கும், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திடப்படுத்தல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபை போன்ற சபைகளில் குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறோம். அப்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அந்தக் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு, "அந்த வாக்கு இனி என்னுடையது" என்று சபைக்கு முன்னால் சொல்ல, பேராயர் தலையில் கைவைத்து ஜெபிக்கிறார். அதன் பிறகு பிள்ளை திருவிருந்தில் பங்கெடுக்கிறது. அதற்கான தயாரிப்புத்தான் இந்த வகுப்பு. ஆகவே வளர்ச்சியைப் பற்றிய கேள்வி அங்கே வந்தது சரியான இடத்தில்தான்.

இரக்கம் எங்கே பிறக்கிறது

முதலில் இரக்கம் என்ற சொல்லைப் பார்ப்போம். அன்றாடப் பேச்சில் இரக்கம் என்றால் பாவம் பார்ப்பது. பேருந்து நிலையத்தில் ஒருவர் கை நீட்டும்போது பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுப்பது. கொடுத்துவிட்டு நம் வழியே போய்விடலாம். அவருக்கும் நமக்கும் அதற்குமேல் ஒட்டுறவு இல்லை. தேவன் இரக்கமுள்ளவர் என்று சொல்லும்போதும் இதே படத்தை மனதில் வைத்துக்கொண்டால் அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் கிடையாது. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவனுக்கு மன்னிப்பைத் தூக்கிப் போடுகிறார், இவன் அதை எடுத்துக்கொண்டு போகிறான், அவ்வளவுதான் கதை என்றாகிவிடும்.

வேதம் சொல்கிற இரக்கம் வேறு. பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெய மொழியில் இரக்கத்துக்கு ஒரு முக்கியமான சொல் ரஹமிம். கர்ப்பப்பைக்கு அந்த மொழியில் ரெஹெம் என்று பெயர். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பெற்ற வயிற்றின் துடிப்பு என்று நாம் சொல்வோமே, அதுதான். ஏசாயா 49:15 இதை வெளிப்படையாகவே கேட்கிறது: "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை."

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் இப்படித்தான். நாயீன் ஊர் வாசலில் ஒரே மகனைப் பாடையில் கொண்டுபோகிற விதவையைப் பார்த்து இயேசு மனதுருகினார் என்று நம் வேதாகமம் சொல்கிறது. அந்த "மனதுருகி" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கிரேக்க வினைச்சொல், குடல், ஈரல் என்று உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதை விளக்கத் தேவையே இல்லை. "ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்று நம் அம்மாக்கள் சொல்வார்கள் அல்லவா? பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்ததைப் பார்த்தால் அது நடக்கும். முதலில் நடுங்குகிறது, பிறகுதான் மூளை யோசிக்கிறது. மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போலத் தொய்ந்துபோன ஜனங்களைப் பார்த்தபோதும் இயேசுவுக்கு அதுதான் நடந்தது. நல்ல சமாரியன் கதையில் வழியில் கிடந்தவனைப் பார்த்த சமாரியனுக்கும், தூரத்தில் வருகிற இளைய மகனைப் பார்த்த தகப்பனுக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் போடுகிறார்.

தமிழ்ப் பிரசங்கங்களில் இரங்கினவர், இறங்கினவர் என்று சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு சொற்கள்தான். ஆனால் காதுக்குக் கிடைக்கிற அந்த நெருக்கம் எனக்குப் பிடிக்கும். கிணற்றடியில் பிள்ளையைப் பார்த்து நடுங்கின தாய் மேலேயே நின்றுகொண்டிருக்க மாட்டாள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்று தேவன் தம்முடைய பெயரைத் தாமே அறிவிக்கிற இடம் யாத்திராகமம் 34. எப்போது அறிவிக்கிறார்? ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட பிறகு. மோசே கற்பலகைகளைப் போட்டு உடைத்த பிறகு, இரண்டாவது தடவை பலகைகளை இழைத்துக்கொண்டு வரும்படி மலைக்குக் கூப்பிட்டபோது. எகிப்திலிருந்து வந்த அந்தப் பயணத்திலேயே அவர்கள் அதைவிடக் கேவலமாக விழுந்த நாள் இல்லை. அந்த நாட்களில்தான் தேவன் "நான் யார் தெரியுமா?" என்று சொல்லத் தொடங்கி, முதல் வார்த்தையாக இரக்கத்தைச் சொல்கிறார். ஆனால் அதே கையோடு புதுப் பலகைகளையும் கொடுக்கிறார். மன்னித்தேன், இனி பலகை எதற்கு என்று விட்டுவிடவில்லை. கட்டளைகளோடு வாழப் பழக்க மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

நடைவண்டி

எங்கள் வீட்டில் ஒரு மர நடைவண்டி இருந்தது. மூன்று சக்கரம், மேலே பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. என் அப்பா நடை பழகினதும் அதில்தான், நானும் என் தங்கையும் நடை பழகினதும் அதில்தான். சக்கரம் தேய்ந்து ஒரு பக்கம் இழுக்கும். பிள்ளை நேராகத் தள்ளினாலும் வண்டி சுவரைப் பார்த்துப் போகும். என் தங்கை அதில் நடை பழகினபோது அப்பா முன்னால் குனிந்து பின்னோக்கியே நடந்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. விழுந்தால் தூக்குவார். தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள மாட்டார். மறுபடியும் கட்டையைப் பிடிக்க வைப்பார்.

ஓசியா 11-ல் தேவன் தம்மைப் பற்றிச் சொல்வது இந்தக் காட்சிதான். "நான் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன்." எப்பிராயீம் என்பது இங்கே இஸ்ரவேல் ஜனங்களைக் குறிக்கிற பெயர். அந்தப் பிள்ளை பெரியவனாகித் தகப்பனை விட்டு ஓடிப்போகிறது. தண்டிக்கத்தான் வேண்டும் என்கிற அளவுக்குப் போன பிறகும், "என் இருதயம் எனக்குள் குழம்புகிறது, என் பரிதாபங்கள் ஏகமாய்ப் பொங்குகிறது" என்கிறார்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். ஒரு பிள்ளை விழுந்தால் தகப்பன் அடிக்க மாட்டார் என்பது உண்மை. அதனால் அந்தப் பிள்ளை நடக்கவே வேண்டாம் என்று எந்தத் தகப்பனாவது நினைப்பாரா? பத்து வயதாகியும் பிள்ளை தவழ்ந்துகொண்டே இருந்தால், "பரவாயில்லை, நான்தான் இரக்கமுள்ளவனாச்சே" என்று சும்மா இருப்பாரா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைவார். இரக்கம் இருப்பதால்தான் அந்த அலைச்சல். தேவன் நம்மை மன்னிப்பதும் நாம் வளர வேண்டும் என்று விரும்புவதும் ஒரே இருதயத்திலிருந்துதான் வருகிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட முடியாது.

வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது

இங்கேதான் நாம் அதிகமாகத் தடுமாறுகிறோம். ஆவிக்குரிய முதிர்ச்சி என்றதும் நமக்குத் தோன்றுவது என்ன? எத்தனை வருஷமாகச் சபைக்கு வருகிறார், எத்தனை அதிகாரம் மனப்பாடமாகச் சொல்கிறார், எவ்வளவு நேரம் ஜெபிக்கிறார், உபவாசம் எத்தனை நாள். சில சபைகளில் அந்நியபாஷை. சிலவற்றில் கமிட்டியில் பதவி. இவற்றில் பல நல்லவைதான். ஆனால் இவையெல்லாம் இருந்தும் ஒருவர் குழந்தையாகவே இருக்க முடியும் என்று வேதம் நேராகச் சொல்கிறது.

கொரிந்து சபையை எடுத்துக்கொள்ளுங்கள். வரங்களுக்குக் குறைவே இல்லாத சபை. அவர்களுக்குத்தான் பவுல் எழுதுகிறார்: உங்களுக்குப் போஜனம் கொடாமல் பாலைக் குடிக்கக் கொடுத்தேன், இன்னும் உங்களுக்குப் பெலனில்லை என்று. காரணமும் சொல்கிறார். பொறாமை, வாக்குவாதம், நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்கிற கட்சி.

இதைவிட எனக்கு அதிகமாக உறைத்த உதாரணம் யோனா. நினிவே நகரத்தை எச்சரிக்கத் தேவன் அனுப்பிய தீர்க்கதரிசி அவன். நினிவே மனந்திரும்பியது, தேவன் அதை அழிக்கவில்லை. யோனாவுக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் அவன் ஜெபிக்கிற ஜெபத்தைப் பாருங்கள்: நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர் என்று அறிவேன், அதனால்தான் முதலிலேயே ஓடிப்போனேன் என்கிறான். யாத்திராகமம் 34-ஐ அவன் மனப்பாடமாக வைத்திருக்கிறான்! உபதேசத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஆனால் வாடிப்போன ஆமணக்குச் செடிக்கு இரங்குகிற அவனால், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமானோருக்கு இரங்க முடியவில்லை. "நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ" என்ற தேவனுடைய கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கேள்வி என்னைப் பார்த்துத் திரும்புகிறதாகவே தோன்றுகிறது.

இதற்கு நேரான வசனம் ஒன்று உண்டு, இரண்டு சுவிசேஷங்களில் இரண்டு விதமாக. மத்தேயு 5:48-ல் இயேசு, உங்கள் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல நீங்களும் பூரண சற்குணராயிருங்கள் என்கிறார். லூக்கா 6:36-ல் அதே இடத்தில், சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற போதனையின் முடிவில், "உங்கள் பிதா இரக்கமுள்ளவராயிருக்கிறதுபோல, நீங்களும் இரக்கமுள்ளவர்களாயிருங்கள்" என்று வருகிறது. மத்தேயுவில் பூரணம் என்ற இடத்தில் லூக்காவில் இரக்கம். மத்தேயுவில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு முதிர்ந்தது, முழுவளர்ச்சி அடைந்தது என்றும் பொருள் உண்டு. பலமான ஆகாரம் பூரண வயதுள்ளவர்களுக்குத் தகும் என்று எபிரெயர் 5:14 சொல்கிறதே, அங்கேயும் அதே சொல்தான்.

ஆக, பெற்ற இரக்கம் இவனுக்குள்ளிருந்து இன்னொருவருக்குப் போகத் தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல் என்று நான் நம்புகிறேன். ஜெபமும் வேதவாசிப்பும் அதற்கு வேண்டிய சாப்பாடு. சாப்பிட்ட அளவை வைத்து வளர்ச்சியைச் சொல்ல முடியாது.

சபை எதற்கு

"நான் வீட்டிலேயே ஜெபிக்கிறேன், யூடியூபில் நல்ல பிரசங்கம் கேட்கிறேன், சபை எதற்கு?" என்று இன்று நிறைய பேர் கேட்கிறார்கள். சபையில் காயப்பட்டவர்கள் கேட்டால் அவர்களிடம் வாதாட எனக்கு மனம் வராது. ஆனால் கேள்விக்குப் பதில் உண்டு. இரக்கத்தைத் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. எரிச்சலூட்டுகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் நீடிய சாந்தம் என்றால் என்ன என்று தெரியும். குழந்தை தானே பாலைக் காய்ச்சிக் குடித்து வளர்வதில்லை. அதற்கு ஒரு வீடு வேண்டும். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயராயிருந்த சிப்ரியான் 3-ஆம் நூற்றாண்டில் சொன்னதும் அதுதான்: சபையைத் தாயாகக் கொள்ளாதவன் தேவனைத் தகப்பனாகக் கொள்ள முடியாது. பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, பால்கொடுக்கும் தாய் தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதுபோல உங்களிடத்தில் நடந்துகொண்டோம் என்கிறார். அப்போஸ்தலன் தன்னைத் தாய் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கவில்லை.

ஆதிசபைகள் இந்த வளர்ப்பை எப்படிச் செய்தன என்பதற்கு ஒரு பழைய ஒழுங்குமுறை நமக்குக் கிடைத்திருக்கிறது. ரோமாபுரியின் ஹிப்போலித்துவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. விசுவாசத்துக்குள் வருகிறவர் 3 வருஷம் வசனத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அது. ஆனால் ஒருவர் ஆர்வமாக இருந்தால் காலத்தைப் பார்க்க வேண்டாம், நடத்தையைப் பாருங்கள் என்றும் சொல்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் அவரைப் பற்றி விசாரிக்க வேண்டிய கேள்விகள் என்ன தெரியுமா? விதவைகளை மதித்தாரா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? நற்கிரியைகள் எல்லாம் செய்தாரா? நம் வகுப்புகளில் கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் மூன்றையும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிறோம். நல்லதுதான். நோயாளிகளைப் பார்க்கப் போனாயா என்று நான் யாரையும் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

அந்த ஒழுங்கில் இன்னொரு அழகான விஷயம். ஞானஸ்நானம் பெற்றுவந்தவர்களுக்கு அப்பத்தோடும் திராட்சரசத்தோடும், பாலும் தேனும் கலந்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தார்கள். அது வாக்குத்தத்தத் தேசத்தின் பாலும் தேனும், புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளுக்கு ஊட்டுகிற ஆகாரமும்கூட. ஐம்பது வயதுக்காரர் அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடிப்பதை நினைத்துப் பாருங்கள். நான் இன்றைக்குப் பிறந்தவன் என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்வது அது.

கார்த்தேஜில் நடந்தது

இரக்கமும் வளர்ச்சியும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றினால் சபை என்ன செய்யும்? இதற்குச் சிப்ரியான் காலத்துக் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

கி.பி. 250-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் தேசியு ஒரு கட்டளை போட்டான். பேரரசில் உள்ள எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்த வேண்டும். செலுத்தினதற்கு அதிகாரிகளிடம் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்ட சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலுக்குள்ளிருந்து பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், நான் எப்போதும் தேவர்களுக்குப் பலி செலுத்துகிறவன் என்ற வாசகம், சாட்சிகளின் கையெழுத்து.

கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்தார்கள், சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். ஆனால் நிறைய பேர் விழுந்துபோனார்கள். சிலர் பலி செலுத்தினார்கள். சிலர் பலி செலுத்தாமலே லஞ்சம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் துன்புறுத்தல் தணிந்தது. அப்போது அவர்கள் சபை வாசலில் வந்து நின்றார்கள்: எங்களை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்வது? ஒரு கூட்டம், சிறையில் இருந்த தியாகிகள் பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இன்னொரு பக்கம் ரோமில் நோவாத்தியான் என்ற மூப்பர், விழுந்தவர்களுக்குச் சபையில் இனி இடமே கிடையாது என்று நின்று, தனிச் சபையே அமைத்துக்கொண்டார். சிப்ரியான் நடுவில் மாட்டிக்கொண்டார். அவருடைய நிலைமையும் சிக்கலானது. துன்புறுத்தல் காலத்தில் அவர் ஊரைவிட்டு மறைந்திருந்து, கடிதங்கள் மூலம் சபையை நடத்தியவர். நீயே ஓடிப்போனவன்தானே என்று சிலர் பேசினார்கள்.

251-ல் அவர் திரும்பிவந்து பேராயர்களைக் கூட்டினார். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காமல் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பது என்று முடிவானது. சீட்டு மட்டும் வாங்கினவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பலி செலுத்தினவர்கள் மனஸ்தாபப்பட்டு நீண்டகாலம் தவத்தில் இருக்க வேண்டும், மரணப்படுக்கையில் கிடந்தால் சமாதானம் கொடுத்து, அதாவது மறுபடியும் சபையில் சேர்த்து, விடலாம். அடுத்த ஓரிரு வருஷங்களில் இன்னொரு துன்புறுத்தல் வரும் என்ற பயம் எழுந்தது. உடனே, தவத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். போருக்கு அனுப்புகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, திருவிருந்தின் பலம் அவர்களுக்கு வேண்டும் என்பது சிப்ரியானின் வாதம்.

உடனே சேர்த்துக்கொள் என்றவர்கள் இரக்கமாகத்தான் பேசினார்கள். ஆனால் அதில் விழுந்தவன் விழுந்த இடத்திலேயே விடப்படுகிறான். அவனுக்குள் என்ன உடைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நோவாத்தியான் பரிசுத்தத்தைத்தான் பேசினார். ஆனால் அதில் அவன் வாசலிலேயே செத்துப்போவான். கார்த்தேஜ் எடுத்த வழி இரண்டையும்விடக் கஷ்டமானது. ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், கூட அழ வேண்டும். நடைவண்டிக்கு முன்னால் குனிந்து பின்னோக்கி நடக்கிற வேலை அது. முதுகு வலிக்கும்.

அதே வருஷங்களில் கொள்ளைநோய் வந்தது. கார்த்தேஜின் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. அப்போது சிப்ரியான் சபையைக் கூட்டி, நம்மவர்களை மட்டும் கவனிப்பது பெரிய காரியமில்லை, நம்மைத் துன்பப்படுத்தினவர்களையும் கவனிக்க வேண்டும் என்று பேசினதாக அவருடைய உதவிக்காரர் போந்தியு எழுதிவைத்திருக்கிறார். பணம் இருந்தவர்கள் பணம் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். இரங்கப்பட்ட ஒரு சபை இரங்கத் தொடங்கியது. 258 செப்டம்பர் 14 அன்று சிப்ரியான் வாளால் வெட்டப்பட்டு இறந்தார். அந்தத் தடவை அவர் மறைந்திருக்கவில்லை.

கிழிந்த வலை

கலாத்தியர் 6:1-ல், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று பவுல் சொல்கிறார். சீர்பொருந்தப்பண்ணுதல் என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல்தான், யாக்கோபும் யோவானும் படவில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் வருகிறது. பரிசுத்தவான்களைச் சீர்பொருந்தச் செய்யவே மேய்ப்பர்களும் போதகர்களும் கொடுக்கப்பட்டார்கள் என்று எபேசியர் 4 சொல்லும் இடத்திலும் அதே குடும்பத்துச் சொல்தான். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் வலை பழுதுபார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவார்கள். கிழிந்த வலையைத் திட்டுகிறவர் யாரும் இல்லை. கிழியவில்லை என்று நடிக்கிறவரும் இல்லை.

இதைச் சபைகளாகிய நாம் எப்போதும் செய்வதில்லை. குடியை விட்டுத் திரும்பிவந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்ததையும், அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்வரிசைக்குப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். நானும் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. அவர் அதற்குப் பிறகு அந்தச் சபைக்கு வரவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. மனதிலிருந்து போகவில்லை.

பந்தி

கொரிந்து சபை குழந்தையாக இருந்தது எங்கே அப்பட்டமாகத் தெரிந்தது என்றால், சாப்பாட்டில். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவரும்போது, வசதியுள்ளவர்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் கண்டிக்கிறார். நம் மண்ணின் சபைகளுக்கும் இந்தக் கண்டனம் பொருந்தும். சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்ததும், திருவிருந்தை முன்னே பின்னே வாங்கியதும் நம் சபை வரலாற்றில் உண்டு. 1833-ல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று எழுதி அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் அதை எதிர்த்துச் சபையைவிட்டே விலகி நின்றார்கள். ஞானப்பாட்டும் வேதமும் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். இன்றும் அது முழுதாகப் போய்விட்டது என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் அதே மண்ணில்தான் அசனமும் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். பண்டிகை நாளில் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அரிசி ஒருவர், ஆடு ஒருவர், தேங்காய் ஒருவர் என்று கொடுப்பார்கள். ராத்திரி முழுக்க ஆலய வளாகத்தில் அடுப்பு எரியும். அதிகாலையில் கறி கொதிக்கிற வாசனை ஊர் முழுக்கப் போகும். கொடுக்க முடியாதவர்களும் உட்காரலாம். யார் என்ன கொடுத்தார்கள் என்று இலைக்கு முன்னால் யாரும் கேட்பதில்லை. தேவனுடைய இரக்கத்தைப் பற்றி நான் கேட்ட பல பிரசங்கங்களைவிட அந்த இலை தெளிவாகப் பேசுகிறது.

சின்ன வயதில் அசனம் என்றால் எனக்கு ஓடிப்போய் முதல் பந்தியில் இடம் பிடிப்பதுதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தண்ணீர் ஊற்ற விடுவார்கள். பிறகு உப்பு, அப்பளம். சோற்று வாளியைத் தொட விட மாட்டார்கள், கனம். மீசை முளைத்த பிறகு ஒரு வருஷம், சபை ஊழியரான உபதேசியார் வாளியை என் கையில் கொடுத்து, "கடைசி இலையிலிருந்து ஆரம்பி. முன்னாடி இருக்கிறவங்களுக்கு எப்படியும் கிடைச்சிரும்" என்றார். பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவோம். குழம்பில் கறி இருக்காது, எலும்பும் சாறும்தான். அன்றைக்குச் சாப்பிட்ட ருசி முதல் பந்தியில் எனக்குக் கிடைத்ததில்லை.

காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்கவேண்டியவர்கள் நீங்கள், இன்னும் பாலையே கேட்கிறீர்களே என்று எபிரெயர் நிருபம் வருத்தப்படுகிறது. அந்த வருத்தத்தை நான் அசனப் பந்தியை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். நாற்பது வயதிலும் முதல் பந்திக்கே ஓடுகிற ஒருவரை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். அவருக்கும் இலை போடுவார்கள். ஆனால் வாளியைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிற உபதேசியார் அவரைப் பார்த்துவிட்டுப் போவார்.

கேள்வி கேட்ட பையனுக்குத் திடப்படுத்தல் ஆயிற்று. இந்த வருஷ அசனத்தில் அவன் கையில் ரச வாளி. பந்தலின் ஓரத்தில், உட்காரலாமா வேண்டாமா என்று செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்த ஒருவரை எனக்கு முன்னால் அவன்தான் பார்த்தான். வாளியைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து விரித்தான். "உக்காருங்க, சித்தப்பா" என்றான்.